ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு. டீச்சர் பக்கத்துல யார் உட்கார்றது?

வளமையத்தான் | ஜூன் 14, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். வட்டார வளமையத்துல ஆசிரியர் பயிற்றுநரா இருக்கேன். அதுக்கு முன்னாடி கணக்குப் பட்டதாரி ஆசிரியர். இப்ப என் பொறுப்புல 14 தொடக்கப் பள்ளி, அதுல ஒன்பது ஈராசிரியர் பள்ளி.

நம்ம தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த சாமானை வரிசையா எண்ணிப் பார்த்தேன். 2018-ல புதுப் புத்தகத்தோட கியூ.ஆர். கோடு. 2019-ல கல்வித் தொலைக்காட்சி. 2023-ல பாட வீடியோவுக்கு மணற்கேணி செயலி. அப்புறம் ஆசிரியர் கைக்கு டேப்லெட், வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு. அரசு அறிவிப்புல சொன்ன கணக்கு 22,931 வகுப்பறை, 79,723 டேப்லெட். சின்ன வேலை இல்ல இது.

போன வாரம் ஒரு பள்ளிக்குப் போனேன். போர்டு மேல பழைய புடவைத் துணி போர்த்தியிருந்துச்சு. துணியை விலக்கினா, ஓரத்துல ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனப் பொட்டு காய்ஞ்சு அப்படியே இருக்கு. ஜூன் மாசத்துல! டீச்சர் சிரிச்சாங்க: "தூசி படியக் கூடாதுன்னுதான் சார்."

அந்த டீச்சர் சோம்பேறின்னு யாரும் சொல்ல முடியாது. சுவர் முழுக்க அவங்க கையால வெட்டி ஒட்டின எழுத்து அட்டை. பிள்ளைங்களோட கற்றல் நிலையை வச்சு அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்ச மூணு குழுவுக்கும் தனித்தனி கயிறு கட்டி அதுல தொங்க விட்டிருக்காங்க. அப்படிப்பட்டவங்க சொன்னது இது: "ரெண்டு நாள் ட்ரெய்னிங் வந்தேன் சார், கையெழுத்துப் போட்டேன், டீ நல்லா இருந்துச்சு."

அந்த ட்ரெய்னிங்கை நடத்தினது நான்தான். மறந்துட்டாங்களோ, தெரிஞ்சே சொன்னாங்களோ தெரியல. வீட்டுக்கு வந்தும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு.

கேள்வி இதுதான். இந்த வருஷம் அதே ஹால் பயிற்சியைத் திரும்ப நடத்த மனசு வரல. பள்ளிக்கே வந்து கூட இருந்து செய்யலாம்னு பார்க்கிறேன். உங்களுக்கு யாராவது அப்படி உதவியிருக்காங்களா? எது பலிச்சுது, எது எரிச்சலா இருந்துச்சு? மனசுல பட்டதை எழுதுங்க.

---

ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் | ஜூன் 14, இரவு 10.25

சார், டீ நல்லா இருந்துச்சுன்னாவது சொன்னாங்களே, சந்தோஷப்படுங்க.

26 வருஷ சர்வீஸ்ல எத்தனை பயிற்சின்னு எண்ணி வைக்கல. இந்த போர்டுக்கு நான் போன பயிற்சியில 90 பேர் உட்கார்ந்திருந்தோம், போர்டு ஒண்ணு. முன்னாடி நின்ன நாலு இளவட்டம் தொட்டுப் பார்த்துச்சு. நாங்க கடைசி பெஞ்ச். எப்படி ஆன் பண்றது, எப்படி லாகின் பண்றது, பாஸ்வேர்ட் மறந்தா என்ன செய்யறது, அதோட முடிஞ்சுது. 'ப'வுக்கும் 'ம'வுக்கும் தடுமாறுற பிள்ளைக்கு இந்தப் போர்டை வச்சு என்ன செய்யலாம்னு ஒருத்தர் வாயிலிருந்தும் வரல. நான் கேட்டேன். "அது உங்க கிரியேட்டிவிட்டி மேடம்"னு பதில் வந்துச்சு.

இன்னொண்ணும் இருக்கு. எங்க வாழ்க்கையில டெக்னாலஜின்னா இதுவரைக்கும் என்ன? வருகைப் பதிவு, மதிப்பீட்டு மார்க் ஏத்தறது, போட்டோ எடுத்து அனுப்பறது. டேப்லெட்டைக் கையில எடுத்தாலே "என்னத்தை ஏத்தாம விட்டேன்"னுதான் நெஞ்சு அடிக்குது. கடன்காரன் கொடுத்த போனை வச்சுக்கிட்டு பாட்டுக் கேக்கத் தோணுமா?

---

ஈராசிரியர் | ஜூன் 15, காலை 6.10

நான் தர்மபுரிப் பக்கம் ஒரு மலையடிவாரப் பள்ளி. ஒண்ணு, ரெண்டு, மூணு ஒரே அறையில என்கிட்ட. நாலும் அஞ்சும் எச்.எம். கிட்ட. எச்.எம். மீட்டிங் போன அன்னைக்கு அஞ்சு வகுப்பும் நான்தான்.

பயிற்சியில காட்டுற மாதிரி வகுப்பு எப்பவும் ஒரே வகுப்பு, ஒரே பாடம். எல்லாப் பிள்ளையும் போர்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். என் அறையில மலர்ப் பிள்ளைங்களுக்கு வீடியோ போட்டா அரும்புப் பிள்ளைங்க கையில இருக்கிற எழுத்து அட்டையைக் கீழ போட்டுட்டு வாயைப் பொளந்து பார்க்குதுங்க. அது அவங்க தப்பா? வெளிச்சமும் பாட்டும் வர்ற பக்கம்தானே கண்ணு போகும். ஒரு குழுவுக்கு நல்லது பண்ணப் போய் ரெண்டு குழுவோட அரைமணி நேரம் போச்சு.

அதனால நான் போர்டை நிறுத்திட்டேன். பயந்து நிறுத்தல, யோசிச்சுத்தான் நிறுத்தினேன். இதைச் சொன்னா "பயன்படுத்தாத பள்ளி" பட்டியல்ல பேர் வந்துடும்னு இங்க முகம் காட்டாம எழுதறேன்.

---

கரும்பலகை68 | ஜூன் 15, காலை 7.45

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். கேட்காமலே கருத்துச் சொல்லும் வயது, பொறுத்துக்கொள்ளவும்.

செயல்வழிக் கற்றல் வந்த காலம் நினைவுக்கு வருகிறது. 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுக்கப் பரப்பினார்கள். ஏணிப்படி அட்டவணை, தட்டு தட்டாக அட்டைகள், பிள்ளைகள் தாங்களே எழுத சுவரின் கீழ்ப்பகுதியில் கறுப்பு வண்ணம். அதற்கும் முன்மாதிரி ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளி. ஆசிரியர்களை அங்கேயே அழைத்துப் போய்க் காட்டினார்கள். பிறகு மாநகராட்சிப் பள்ளிகளே மற்ற மாவட்டத்தாருக்குப் பார்க்கும் இடமாயின.

நானும் ஒரு நாள் அப்படி ஒரு வகுப்பில் மூலையில் உட்கார்ந்திருந்தேன். உரை கேட்டு எனக்கு எதுவும் ஏறவில்லை. ஒரு ஆசிரியை தரையில் பாயில் உட்கார்ந்து, ஒரு பிள்ளையிடம் அட்டையைக் கொடுத்துவிட்டு, பதில் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். அந்தக் காத்திருப்பைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மாநிலம் முழுக்கப் பரவியபோது அட்டைகள் எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்தன. பார்த்துவரும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்கவில்லை. பல பள்ளிகளில் அட்டைத் தட்டு அலமாரி ஆனது.

வளமையத்தான் தம்பி, போர்டுக்குப் புடவை போர்த்தியதைப் பார்த்து வருத்தப்படாதீர்கள். நாங்கள் அட்டைக்குப் பூட்டே போட்டவர்கள்.

---

கணக்குப்பிள்ளை | ஜூன் 15, மதியம் 1.20

நான் ஆசிரியர் இல்லை. கல்வி ஆய்வுகளைப் படிப்பது தொழிலில் ஒரு பாதி. ஐயா சொன்ன "பார்த்துவரும் வாய்ப்பு" பற்றி நல்ல சான்றுகள் இருக்கின்றன.

தென்னாப்பிரிக்காவில் வடமேற்கு மாகாணத்தில் தாய்மொழி வாசிப்பு கற்பிக்க இரண்டு வழிகளைச் சோதித்தார்கள். இரண்டு தரப்புக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே புத்தகங்கள். ஒரு தரப்பு ஆசிரியர்களை மையத்துக்கு அழைத்துப் பயிற்சி. மறு தரப்புக்கு வகுப்பறைக்கே பயிற்றுநர் வந்து கூட இருந்தார். இரண்டாண்டு முடிவில், வகுப்பறைக்குப் பயிற்றுநர் வந்த பள்ளிகளில் பிள்ளைகளின் முன்னேற்றம் மற்றதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அடுத்து அதே நாட்டில் இன்னொரு மாகாணத்தில், பயிற்றுநர் நேரில் வராமல் டேப்லெட் வழியாகவும் போன் வழியாகவும் வழிகாட்டினால் போதுமா என்று பார்த்தார்கள். இது ஆங்கிலப் பாடத்துக்கு. மூன்று ஆண்டு கழித்து, நேரில் வந்த பள்ளிகள்தான் வாசிப்பில் முன்னே நின்றன. தொலைவிலிருந்து வழிகாட்டிய பள்ளிகளில் பிள்ளைகளின் தாய்மொழி வாசிப்பு கொஞ்சம் கீழே போயிருந்தது. ஆகவே "வாட்ஸாப்பில் குரூப் போட்டுவிட்டோம், வீடியோ அனுப்பிவிட்டோம்" என்று நிறைவடைகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

கென்யாவில் ஒரு ஒப்பீடு: டேப்லெட்டைப் பயிற்றுநர் கையில் கொடுத்தார்கள், ஆசிரியர் கையில் கொடுத்தார்கள், பிள்ளைகள் கையில் மின்வாசிப்புக் கருவி கொடுத்தார்கள். மூன்றுக்கும் இடையே விளைவில் பெரிய வேறுபாடு இல்லை. செலவில்தான் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2018-ல் 60 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வகுப்பறைப் பயிற்றுநரால் கற்பித்தல் மாறுகிறது, பிள்ளைகளின் கற்றலும் உயர்கிறது என்று தெரிந்தது. ஆனால் திட்டம் பெரிதாகப் பெரிதாக விளைவு சுருங்குகிறது. நல்ல பயிற்றுநரை நகல் எடுக்க முடியவில்லை.

---

வளமையத்தான் | ஜூன் 15, இரவு 9.05

கணக்குப்பிள்ளை சார், நகல் எடுக்க முடியாதுங்கறது சரி. அசலே இன்னும் தயாராகல.

என் நிலைமை இது. 14 பள்ளிக்கு மாசம் ரெண்டு தடவைன்னா 28 நாள். மாசத்துல வேலை நாளே அவ்வளவு கிடையாது. நடுவுல பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடற குறுவள மையக் கூட்டம், புள்ளிவிவரம், புத்தகம் வந்தா எண்ணிப் பிரிக்கிறது. எல்லாப் பள்ளிக்கும் கொஞ்சம் கொஞ்சம் பண்ணலாமா, இல்ல மூணு பள்ளியை எடுத்து உருப்படியாப் பண்ணலாமா?

பள்ளிக்குப் போனதும் வகுப்பறை உற்று நோக்கல் படிவம் ஒண்ணு நிரப்பணும். "தொழில்நுட்பம் பயன்படுத்தப்பட்டதா? ஆம் / இல்லை." நான் உள்ள நுழையறதைப் பார்த்ததும் டீச்சர் போர்டை ஆன் பண்றாங்க. நான் 'ஆம்' போடறேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்திக்கிட்டு டீ குடிக்கிறோம்.

---

ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் | ஜூன் 15, இரவு 9.50

இப்பதான் சார் உண்மை வெளிய வருது.

படிவத்தைக் கையில வச்சுக்கிட்டு "நான் உதவி செய்ய வந்திருக்கேன்"னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு பார்க்க வந்துட்டு "சும்மா இந்தப் பக்கம் வந்தோம்"னு சொல்ற கதை. படிவம் நிரப்பற நாளையும் உதவ வர்ற நாளையும் பிரிச்சிருங்க. உதவ வர்ற நாள்ல பேனாவையே வெளிய எடுக்காதீங்க.

அப்புறம், முதல் தடவை நீங்க பாடம் நடத்துங்க. நான் பின்னாடி உட்கார்ந்துக்கறேன். என் வகுப்பு, என் பிள்ளைங்க, என் கரண்ட். ஹால்ல பெரியவங்களுக்குப் பாடம் எடுக்கறது வேற, மூக்கு ஒழுகிக்கிட்டு ஒண்ணுக்கு விடணும்னு கை தூக்கற 22 பிள்ளைங்க முன்னாடி அந்த போர்டை ஓட்டறது வேற. உங்களுக்குச் சொதப்பினா எங்களுக்கு தைரியம் வரும். கிண்டலுக்குச் சொல்லல, நிஜமாவே வரும்.

---

மட்டக்களப்பான் | ஜூன் 16, காலை 8.30

வணக்கம். இலங்கையிலிருந்து எழுதுகிறேன், ஆரம்பப் பிரிவு ஆசிரியர். எங்களுக்கு வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்து ஆசிரிய ஆலோசகர்மார் வருவினம். மேலே டீச்சர் சொன்ன அதே பிரச்சினைதான் இங்கேயும். ஆலோசகர் என்று பெயர். கொப்பியோடு வந்து நிண்டால் பரிசோதகர்தான்.

ஆனால் ஒரு ஆலோசகர் வித்தியாசமாகச் செய்தார். பாடம் முடிய "எப்பிடி இருந்தது" என்று கேட்கவே இல்லை. ஒரு துண்டுத் தாளில் என்ர வகுப்புப் பிள்ளைகள் இருந்த இடங்களைப் பெட்டி பெட்டியாகக் கீறி, ஆர் ஆர் வாய் திறந்தவை என்று புள்ளி போட்டுத் தந்தார். 27 பேரில் 16 பெட்டியில் புள்ளி இல்லை. காணொளி ஓடின நேரம் ஒருத்தருக்கும் இல்லை. "அருமையான காணொளி" என்று நான் பெருமைப்பட்ட பாடம் அது. அவர் ஒரு குறையும் சொல்லேல்ல, தாளைத் தந்துவிட்டுப் போனார். ஒரு கிழமையாக அந்தத் தாள் என்ர மேசையில் கிடந்தது.

வளமையத்தான் சேர், நானென்றால் மூண்டு பள்ளிக்கூடம் எடுப்பன்.

---

ரெண்டு பிள்ளை அப்பா | ஜூன் 16, மாலை 5.15

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். என் சின்னப் பொண்ணு ரெண்டாவது. "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன?"ன்னா "டிவி பாத்தோம்"ங்கறா. தினமும் இதே பதில். வீட்ல போன் குடுக்கக் கூடாதுன்னு சண்டை போடறோம், ஸ்கூல்ல அதையே பெருசா மாட்டியிருக்காங்களா? தெரியாமத்தான் கேக்கறேன்.

---

ஈராசிரியர் | ஜூன் 16, இரவு 8.00

அப்பா சார், கேள்வி சரியான கேள்வி. பிள்ளை "டிவி பாத்தோம்"னு சொன்னா டீச்சர் அதை டிவியாத்தான் ஓட்டியிருக்காங்க. "நாங்க அந்த யானை எங்க போகும்னு சண்டை போட்டோம்"னு ஒருநாள் வந்து சொன்னா, அன்னைக்கு நடுவுல நிறுத்திக் கேட்டிருக்காங்கன்னு அர்த்தம். நாளையிலேருந்து "என்ன பாத்தே"ன்னு கேக்காம "என்ன பேசினே"ன்னு கேட்டுப் பாருங்க.

---

வளமையத்தான் | ஜூலை 9, இரவு 10.30

மூணு வாரம் காணாமப் போனதுக்கு மன்னிப்பு. மூணு பள்ளி எடுத்தேன். டீச்சர் சொன்ன மாதிரி முதல் நாள் நானே பாடம் நடத்தினேன். நடந்ததை நடந்த மாதிரியே எழுதறேன்.

முதல் பள்ளி, மூணாங்கிளாஸ், இடமதிப்பு. ஆறு நிமிஷ வீடியோ தேடி எடுத்துக்கிட்டுப் போனேன். இணையம் சுத்திக்கிட்டே நின்னுச்சு. பிள்ளைங்க அந்த வட்டம் சுத்தறதையே ஆர்வமாப் பார்த்தாங்க. ஒருவழியா ஓடுச்சு. முடிஞ்சதும் "புரிஞ்சுதா?"ன்னேன். "புரிஞ்சுது சார்"னு கோரஸ். ஒரு பையன் மட்டும் கை தூக்கினான். சந்தோஷமாப் போய்க் கேட்டா, "சார், அந்தக் குருவி திரும்ப வருமா?" பத்து, நூறுன்னு சொல்லிக்கிட்டு ஓரத்துல ஒரு பொம்மைக் குருவி பறந்துட்டே இருந்திருக்கு. நான் அதைக் கவனிக்கவே இல்ல.

அப்புறம் நோட்டுல "முந்நூற்று ஐந்து" எழுதச் சொன்னேன். 19 பேர்ல எட்டுப் பேர் 3005.

டீச்சர் பின்னாடி உட்கார்ந்து வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க. அதுக்கப்புறம்தான் எங்க ரெண்டு பேருக்கும் பேச்சே ஆரம்பிச்சுது. அவங்க சொன்னாங்க: "சார், இது வருஷா வருஷம் வரும். காதுல முந்நூறுன்னு விழுது, 300 எழுதிடுது. அப்புறம் ஐந்துன்னு விழுது, பக்கத்துல 5. கேட்டதைக் கேட்ட மாதிரி எழுதறாங்க, பாவம்." எனக்குக் கணக்குல பட்டம் இருக்கு. பிள்ளை ஏன் அப்படி எழுதுதுன்னு சொன்னது அவங்கதான். அவங்களுக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணு, அந்த நோட்டை எப்படி எல்லார் கண்ணுக்கும் கொண்டு வர்றதுன்னு.

ரெண்டாவது தடவை போனப்ப வீடியோவே இல்ல. டேப்லெட்ல நோட்டைப் போட்டோ எடுத்து, பென்டிரைவ்ல ஏத்தி, போர்டுல பெருசாக் காட்டினோம். இணையம் வேண்டாம். பிள்ளையோட பேரும் கையெழுத்தும் தெரிய வேணாம்னு டீச்சரே ஒரு யோசனை பண்ணாங்க. 3005, 305, 35 மூணையும் தானே ஒரு தாள்ல எழுதி அதைப் போட்டோ எடுத்தாங்க. "மூணு பேர் மூணு மாதிரி எழுதியிருக்காங்க. யார் சொல்றது சரி? பக்கத்துல இருக்கறவங்ககிட்டப் பேசுங்க." அப்புறம் வாயைத் திறக்கல. கரும்பலகை ஐயா சொன்ன காத்திருப்பு அதுதான்னு நினைக்கிறேன். அந்த ரெண்டு நிமிஷம் எனக்குத்தான் தாங்கல, ஏதாவது சொல்லிடுவேன்னு கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு பொண்ணு எழுந்து வந்து போர்டுல 3005 மேல விரலை வச்சு, "இதுல ரெண்டு பூஜ்ஜியம் சும்மா நிக்குது"ன்னா. இன்னொருத்தன், "சும்மா நிக்கல, அது ஆயிரம் ஆயிருச்சு." ஓடிப் போய் மணிச்சட்டம் எடுத்துட்டு வந்துட்டாங்க. அடுத்த கால்மணி நேரம் போர்டை யாரும் பார்க்கல. மணிச்சட்டத்தைச் சுத்திக் கூட்டம். போர்டு பாட்டுக்கு அந்தப் பக்கம் எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு.

மட்டக்களப்பு சார் சொன்ன பெட்டிப் படத்தை நானும் போட்டேன். வீடியோ பாடத்துல 19-ல மூணு புள்ளி. இதுல 14. தாளை டீச்சர்கிட்டக் குடுத்தேன். எதுவும் சொல்லல, மடிச்சுப் பாடக்குறிப்பேட்டுக்குள்ள வச்சுக்கிட்டாங்க.

ரெண்டாவது பள்ளியில விஷயம் வேற மாதிரி. அங்க போர்டு மேல பயமே கிடையாது, காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஓடுது. இளம் ஆசிரியர், கெட்டிக்காரர். அவர்கிட்ட நான் வச்ச கேள்வி ஒண்ணுதான்: "நாலாவது நிமிஷம் ஏன் நிறுத்தல?" யோசிச்சுட்டு, "நிறுத்தினா சத்தம் போடுவாங்க சார்"ன்னார். சரி, ஒரு வாரத்துக்கு ஒரு வீடியோவுல ஒரே ஒரு இடம், எங்க நிறுத்தணும், என்ன கேக்கணும்னு முதல் நாள் ராத்திரியே பாடக்குறிப்புல எழுதி வைங்கன்னு பேசிக்கிட்டோம். அவ்வளவுதான் ஒப்பந்தம். சத்தம் போட்டாங்களாம். மூணாவது நாள் அந்தச் சத்தத்துக்குள்ளயே பதில் இருந்துச்சாம்.

மூணாவது பள்ளியில தோத்துட்டேன். மழைக்கு அப்புறம் கரண்ட் கனெக்ஷன்ல ஏதோ கோளாறு, சொல்லி மூணு வாரம் ஆகியும் ஆள் வரல. அதுல பயிற்றுநர் என்ன செய்ய முடியும்?

---

கரும்பலகை68 | ஜூலை 10, காலை 7.00

"போர்டு பாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு" என்ற இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். மணிச்சட்டத்துக்குப் பிள்ளைகளை ஓடவிட்டதே அந்தப் போர்டு செய்த வேலை. அன்றைக்குப் படிவத்தில் 'ஆம்' போடுவீர்களா, 'இல்லை' போடுவீர்களா?

---

வளமையத்தான் | ஜூலை 10, காலை 7.40

ஐயா, படிவத்துல நேரம் கேக்குது. "எத்தனை நிமிடம்?" ரெண்டுன்னு போட்டேன். குறைவான பயன்பாடுன்னு சிவப்புல வந்துருச்சு.

---

ஈராசிரியர் | ஜூலை 10, இரவு 9.15

சார், மூணு பள்ளியிலயும் ஒரு வகுப்புக்கு ஒரு டீச்சர் இருக்கிற மாதிரித் தெரியுது. என் கேள்விக்கு இன்னும் பதில் வரல. மூணு வகுப்பு, மூணு நிலை, ஒரு போர்டு.

நானே ஒண்ணு செஞ்சு பார்த்தேன், சொல்றேன். போர்டு மாட்டின சுவர்ப் பக்கம் மொட்டுப் பிள்ளைங்க மட்டும். மத்த ரெண்டு குழுவும் முதுகைக் காட்டி உட்கார்ற மாதிரிப் பாயைத் திருப்பிப் போட்டேன். சத்தத்தை முழுசா அணைச்சுட்டேன். அசையற படம் எதுவும் கிடையாது. போர்டுல நாலே வரிக் கதை, பெரிய எழுத்துல நான் டைப் பண்ணினது. நடுநடுவுல வார்த்தையை விட்டு வச்சிருப்பேன். பிள்ளைங்க ஒவ்வொருத்தரா வந்து விரலாலேயே எழுதணும். நான் அந்த நேரம் அரும்புக் குழுவோட தரையில.

'ல', 'ள', 'ழ' தப்பா எழுதினா பக்கத்துல இருக்கறதுங்களே சண்டை போட்டு அழிச்சுத் திருத்துதுங்க. சாக்பீஸ்ல அழிச்சா தடம் தெரியும், பிள்ளை கூச்சப்படும். இதுல தப்பு இருந்த இடமே தெரியாது, அதனால பயமில்லாம எழுதுதுங்க. எனக்கு இந்த போர்டுல பிடிச்ச ஒரே விஷயம் இதுதான்.

வீடியோ, பாட்டெல்லாம் மதியம் கடைசி அரைமணி நேரம், மூணு குழுவும் ஒண்ணா.

---

ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் | ஜூலை 10, இரவு 9.40

தர்மபுரிக்காரரே, நீங்க இதை முதல்லயே எழுதியிருந்தா இவ்வளவு பேச்சே வேண்டாமே! வளமையத்தான் சார், உங்க வட்டாரத்து ஒன்பது ஈராசிரியர் பள்ளி ஆசிரியர்களையும் ஒருநாள் இவர் அறையில உட்கார வைக்க வழி இருக்கா?

---

வளமையத்தான் | ஜூலை 10, இரவு 10.05

மாவட்டம் வேற டீச்சர், ஓ.டி. (வேலை நாளாவே கணக்கு வச்சு வெளிய போற அனுமதி) கிடைக்காது. ஆனா இதே ஏற்பாட்டை என் பள்ளி ஒண்ணுல செஞ்சு பார்த்துட்டு, பக்கத்து ரெண்டு பள்ளி ஆசிரியர்களைக் குறுவள மையக் கூட்டத்தன்னைக்கு அங்கேயே வரச் சொல்லலாம். ஹால்ல கூடறதுக்குப் பதிலா அந்த வகுப்பறையில கூடறது. சனிக்கிழமைங்கறதால பிள்ளைங்க இருக்காதே, அதுதான் இடிக்குது. வேலை நாள்ல வைக்க முடியுமான்னு கேட்டிருக்கேன்.

---

ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் | ஜூலை 22, மாலை 4.50

ஒரு அவசர சந்தேகம், யாராவது ஆன்லைன்ல இருக்கீங்களா?

எங்க வட்டாரப் பயிற்றுநர் யாரும் வரல, அதனால நானே இறங்கிட்டேன். போன மாசம் ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிச்சதை டேப்லெட்ல குரல் பதிவு பண்ணினேன். இன்னைக்கு அதே பத்தியைச் சரளமாப் படிக்கிறா. பழைய பதிவைப் போட்டுக் காட்டலாம்னு தேடினா காணோம். எங்க போய் ஒளிஞ்சிருக்கும்?

---

ஈராசிரியர் | ஜூலை 22, மாலை 4.58

ஃபைல் மேனேஜர் திறங்க டீச்சர். 'ஆடியோ'ன்னு இருக்கும், அதுல தேதி வாரியா இருக்கும். இல்லன்னா 'ரெக்கார்டிங்ஸ்'னு தனி ஃபோல்டர்.

---

ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் | ஜூலை 22, மாலை 5.06

கிடைச்சுது! 47 வினாடி. "ப... ட்... ட... ம்... பட்டம்"னு இழுக்கறா, பின்னாடி சத்துணவுத் தட்டு சத்தம். நாளைக்கு அவளுக்குப் போட்டுக் காட்டிட்டு, ரெண்டு பதிவையும் நம்ம ஒன்றிய வாட்ஸாப் குரூப்ல போடலாம்னு இருக்கேன்.

---

மட்டக்களப்பான் | ஜூலை 22, மாலை 5.20

டீச்சர், பிள்ளைக்கும் அவவின்ர அம்மாவுக்கும் போட்டுக் காட்டுங்கோ. குரூப்பில் போட வேண்டாம். எழுத்துக்கூட்டித் தடுமாறின குரல் நூறு பேரின்ர போனுக்குப் போனால், நாளைக்கு ஆராவது அவவைப் போலப் பேசிக் காட்டுவினம்.

---

ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் | ஜூலை 22, மாலை 5.31

சரி சார், போடல. அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருக்காங்க, அஞ்சரைக்கு மேல இந்த வழியாத்தான் வருவாங்க. வாசல்லயே நிக்கிறேன்.